சுவரில் ஓர் இடம்

சென்ற ஆண்டு இராஜபாளையத்தில் ஒரு புது வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பழைய வீட்டுச் சாமான்கள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தன. எடைக்குப் போட ஒதுக்கிய பாத்திரங்களிடையே, மரப்பலகையில் பதித்த பித்தளைச் சின்னம் ஒன்று கிடந்தது. அதில் ‘விக்ராந்த்’ என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது.

“அப்பாவுடையது, சாமி. இங்கே மாட்ட இடமில்லை” என்றார் மகன். மூலையில் அமர்ந்திருந்த முதியவர் வாய் திறக்கவில்லை.

நாமே அவரிடம் வினவினோம். ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் தனிச் சின்னம் உண்டாம். 1971 டிசம்பரில் விக்ராந்தின் விமானங்கள் சிட்டகாங்கைத் தாக்கிய நாட்களில், அவர் அடித்தளத்துக் கொதிகலன் அறையில் பணிபுரிந்தார். நான்கு கொதிகலன்களில் ஒன்று பழுது. அந்நிலையிலேயே கப்பல் போருக்குச் சென்றது.

“போரை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை, சாமி. வெப்பத்தைத்தான் பார்த்தோம்” என்றார்.

1997இல் ஓய்வுபெற்ற அக்கப்பலை உடைக்கும் பணி 2014இல் தொடங்கியது. அதன் உலோகம் மோட்டார் சைக்கிளிலும் கலந்தது. ஆயினும் 2022இல் கொச்சியில் கடற்படையில் இணைந்த புதுக் கப்பல், பழையதன் பெயரையும் அதன் சின்னத்திலிருந்த ரிக் வேத வாசகத்தையும் ஏற்றுக்கொண்டது.

மகனுக்குப் புத்தி சொல்ல நமக்கு நா எழவில்லை. ஆசிரியராயிருந்த நம் தந்தையாரின் கைமணியை எடைக்குப் போட்டவர் நாமே அன்றோ! அதனையே அவரிடம் கூறினோம்.

மகன் சிறிது நேரம் நின்றார். பின் சுத்தியலைத் தேடி உள்ளே சென்றார்.

அன்பர்களே, உங்கள் வீட்டு மூலையில் பேசாமல் அமர்ந்திருப்பவர் யார்? இன்றே வினவுங்கள்.