வேரில் விழுந்த முடிச்சு

எங்கள் வீட்டுக் கொல்லையில் நாற்பது கத்தரிச் செடி வைத்திருந்தேன். 'வைத்திருந்தேன்' என்பதுகூட அதிகந்தான். நட்டதும் தண்ணீர் ஊற்றியதும் தோட்டக்காரப் பெரியவர். நான் செய்ததெல்லாம் காப்பி டம்ளரோடு போய் நின்று பார்த்தது.

இரண்டு மாதத்தில் செடிகள் உச்சிவேளையில் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்தன. பொழுது சாய்ந்தால் நிமிரும். மறுநாள் மத்தியானம் பழையபடி துவண்டுவிடும். இலை வெளுத்தது. காய் பிடிக்கவில்லை.

விருந்தாளிகள் நாலு பேர் இருந்த சமயம், "ஏன் பெரியவரே, சம்பளம் வாங்க மட்டும் மறப்பதில்லை, தண்ணீர் ஊற்ற மறந்துபோகிறதோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேசாமல் ஒரு செடியை மண்ணோடு கிளப்பி, வாளித் தண்ணீரில் அலசி என்னிடம் நீட்டினார். வேரெல்லாம் ருத்திராட்ச மாலை மாதிரி முண்டும் முடிச்சும்.

"தண்ணி ஊத்தறேன் ஐயா. குடிக்க வாய் வேணுமில்ல?" என்றார்.

அப்புறந்தான் புத்தகங்களைப் புரட்டினேன். இதன் பெயர் வேர்முடிச்சு நூற்புழு. குஞ்சுப்புழு அரை மில்லிமீட்டர்கூட இராது. வேர் நுனியருகே நுழைந்து ஓரிடத்தில் வாய் வைக்கும். அதைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் பூதாகாரமாகப் பருத்து, அதற்கே சோறு போட ஆரம்பித்துவிடும். பெண்புழு பேரிக்காய்போல ஊதி, உட்கார்ந்த இடத்திலேயே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெயில் காலத்தில் ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் போதும். 1855-ல் இங்கிலாந்தில் பெர்க்கிலி என்ற பாதிரியார் வெள்ளரி வேரில் இந்த முடிச்சைக் கண்டு எழுதினார். 1901-ல் பார்பர் என்பவர் நம் தேவாலாவில் தேயிலை வேரில் கண்டார். மேல்நாட்டார் நாருக்காகப் பயிரிடும் கஞ்சா இனத்துச் சணலையும் இது விடுவதில்லை.

ஆனால் அதே 'சணல்' பெயரில் உலவும் நம்மூர்ச் சணப்பு வேறு ஜாதி, அவரைக் குடும்பம். அதன் வேரில் இந்தப் புழுவுக்குப் பெருக வழி கிடைப்பதில்லை. பெரியவர் செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டுச் சணப்பு விதைத்தார். பூக்கிற பருவத்தில் மடக்கி உழுவதற்கு முன் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பகீரென்றது. அதன் வேரிலும் முடிச்சு!

பெரியவர் சிரித்தார். விரலால் தள்ளினார், உதிர்ந்தது. நசுக்கினார், உள்ளே இளஞ்சிவப்பு. "இது மண்ணுக்குச் சோறு போடற முடிச்சு. அது வேரே வீங்கினது, உதிராது" என்றார். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்களின் குடியிருப்பு அது.

அடுத்த போகத்தில் கத்தரி காய்த்தது. புழு அடியோடு போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

கொல்லையில் வைத்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க ஐயா" என்றார். ஆனால் நான் ஏசியது நாலு பேர் எதிரில். மன்னிப்புக் கேட்டபோது அந்த நாலு பேரும் இல்லை. அவர்கள் பத்திரிகை படிக்கிறவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.