ஷட்ஜத்தை விழுங்கும் சுவர்

சின்ன ஸ்பீக்கரை எங்கே வைத்தால் என்ன, ஃபோனில் ஒரு ஆப் அறையை அளந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுமே என்ற பேச்சு எர்ணாகுளத்தில் இப்போது சகஜமாகிவிட்டது. அளவு நாடாவோடு தரையில் மண்டியிடுகிற எங்கள் வேலைக்குக் கூலி எதற்கு என்பதுதான் அதன் பொருள். ஸ்பீக்கருக்கு லட்சம் கொடுக்கத் தயங்காதவர்கள், அதைப் பத்து சென்டிமீட்டர் நகர்த்தும் அறிவுக்கு நூறு ரூபாய் கொடுக்க யோசிக்கிறார்கள். ஆப் எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்று பார்த்துவிட்டுப் பேசுவதே முறை.

இரண்டு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ். அதன் அலை நீளம் சுமார் 2.34 மீட்டர். வூஃபர் பின்சுவரிலிருந்து 58 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், பின்னால் போய்த் திரும்பும் ஒலி கூடுதலாகப் பாதி அலை தூரம் பயணப்படுகிறது. முன்னால் வருவது மேடாக இருக்கையில் திரும்பி வருவது பள்ளமாக வந்து அதன்மேல் விழுகிறது. சுருதி காதுக்குத் தப்பாது, அதோடு ஒலிக்கும் மேலதிர்வுகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஷட்ஜத்தின் உடம்பு போய்விடுகிறது. பாடகர் ரிஷபத்திலும் காந்தாரத்திலும் கனமாக நிற்கிறார், ஆதார ஸ்வரத்துக்கு வந்ததும் மெலிகிறார். கேட்பவர் ரெக்கார்டிங்கைக் குறை சொல்வார், அல்லது ஸ்பீக்கரை மாற்றுவார். சுவரை யாரும் சந்தேகிப்பதில்லை. பெட்டியைச் சுவரோடு ஒட்டினாற்போல் தள்ளி வூஃபரை 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், ஒலி அழியும் பள்ளம் 286 ஹெர்ட்ஸுக்கு ஏறும். பெட்டி அந்த அதிர்வெண்ணில் ஓரளவு முன்னோக்கியே ஒலிப்பதால் ஆழமும் குறையும். சுவரிலிருந்து முழு மீட்டர் தள்ளி இழுத்தால் 86-க்கு இறங்கும். குரல் தப்பும், மிருதங்கத்தின் தொப்பி அடி வாங்கும்.

ஆப் ஏன் போதாது? அறை வீக்கிக் காட்டும் ஸ்வரத்தைத் தணிக்க அதனால் முடியும், அதை மறுப்பதற்கில்லை. பள்ளத்தை நிரப்புவதுதான் சங்கடம். 6 டெசிபல் ஏற்றினால் ஆம்பிளிஃபயர் 4 மடங்கு சக்தி தர வேண்டும். நேர் ஒலியோடு சுவர் ஒலியும் அதே அளவு ஏறுவதால் பெரும்பகுதி அங்கேயே அழிகிறது. பக்கவாட்டில் போகும் ஒலிக்கோ அந்த அழிவு இல்லை, அது வீங்கிப் பக்கச் சுவரில் மோதும். ஐந்து அங்குல வூஃபர் மூச்சுத் திணறியதுதான் மிச்சம்.

வீட்டில் இடமில்லை என்பது நியாயமான மறுப்பு. மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் அறைகள் குறுகல். ஆனால் மச்சுப் பலகை அடிநாதத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், புதிய ஃபிளாட்டின் கான்கிரீட் திருப்பி எறியும். பாடகர் மெஹ்பூபும், 2018-இல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயியும் பாடிப் பழக்கிய ஊர் இது. ஹார்மோனியத்தையும் தபலாவையும் கைக்கெட்டும் தூரத்தில் கேட்ட காதுகளுக்கு மெலிந்த குரல் போதும் என்று தீர்மானிக்க யாருக்கு உரிமை? நாங்கள் கேட்பது பெரிய இடமல்ல, பள்ளங்கள் ஒரே இடத்தில் சேராதபடி சமமில்லாத தூரங்கள்: வூஃபரிலிருந்து பின்சுவர் 30, பக்கச் சுவர் 50, தரை 85 சென்டிமீட்டர் என்பது போல. எலெக்ட்ரானிக் தம்பூராவை ஸ்பீக்கர் வழியே இரண்டு கட்டையில் ஓடவிட்டு, பெட்டியை இரண்டிரண்டு சென்டிமீட்டராக நகர்த்தி, ஷட்ஜத்துக்கு உடம்பு திரும்பும் இடத்தில் சிவப்புத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். அரை மணி நேர வேலை.