படத்தில் தெரிந்த வெள்ளை

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை உங்களிடம் சொல்லவேண்டுமென நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

2023ஆம் ஆண்டு என் தம்பிக்கு மூளையில் க்ளியோமா என்னும் கட்டி இருப்பது தெரியவந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின், வாரம் 5 நாட்கள் வீதம் 6 வாரங்கள் கதிர்வீச்சும், உடன் டெமோசோலமைடு மருந்தும் கொடுத்தார்கள். முடி உதிர்ந்தது, சோர்வு மிகுந்தது. ஆயினும் தானே நடந்து பள்ளிவாசலுக்குச் செல்லுமளவு தேறினான். உம்மாவின் முகத்தில் சிரிப்பைக் கண்டோம்.

இரண்டு மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், கட்டி இருந்த இடத்தில் முன்னைவிடப் பெரியதாய் ஒரு வெள்ளைப் படலம் தெரிந்தது. மருத்துவர் பார்க்குமுன்னரே அறிக்கையை எங்கள் கையில் தந்துவிட்டார்கள். (அவ்வாறு தருவது முறைதானா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு.) ஆங்கிலம் அறிந்த உறவினர் ஒருவர் வாசித்துவிட்டு, "கட்டி திரும்பிவிட்டது" என்றார். அஸருக்குள் செய்தி தெருவெங்கும் பரவியது. வந்தவர்கள் மவ்த்து வீட்டில் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் பேசினார்கள். உம்மா முஸல்லாவை விட்டு எழவில்லை. தம்பி மட்டும் என்னிடம், "லாத்தா, நான் இன்னும் இருக்கிறேனே! ஏன் இப்படிப் பார்க்கிறார்கள்?" என்றான். நான் பதில் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

மறுநாள் மருத்துவர் முதலில் கேட்டது, "பழைய படங்கள் எங்கே?" என்பதே. நல்லவேளை, எடுத்துச் சென்றிருந்தோம். அவற்றை அருகருகே வைத்து அவர் விளக்கியதை எனக்கு விளங்கியவாறு எழுதுகிறேன். படம் எடுக்குமுன் நரம்பில் செலுத்தும் கடோலினியம் மருந்து, நலமான மூளைக்குள் கசிவதில்லை. இரத்தக் குழாயின் தடுப்பு அதனை நிறுத்திவிடும். கட்டி அத்தடுப்பைக் கெடுக்கிறது. கதிர்வீச்சும் கெடுக்கிறது. இரண்டிடத்திலும் மருந்து கசிந்து, படத்தில் ஒரே வெள்ளையாகத் தெரிகிறது. கதிர்வீச்சு முடிந்த முதல் 3 மாதங்களில் இந்தக் குழப்பம் மிகுதி. சிலருக்குப் பல மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் கதிர்வீச்சால் திசு மடிந்து, கட்டிபோலவே தோன்றுமாம்.

அவசரப்பட்டுக் கட்டி என்று முடிவு செய்திருந்தால் வேலை செய்துகொண்டிருந்த மருந்தை நிறுத்தியிருப்போம். இரண்டாம் முறையாகத் தலையைத் திறக்கவும் சம்மதித்திருப்போம்.

இரத்த ஓட்டத்தை அளக்கும் படம் எடுத்தார்கள். வளரும் கட்டி புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொள்வதால் அங்கே இரத்தம் மிகுந்திருக்கும். தம்பிக்குக் குறைவாகவே இருந்தது. ஸ்பெக்ட்ராஸ்கோபி என்பது திசுவிலுள்ள வேதிப்பொருள்களை அளப்பது. கட்டியானால் கோலின் உயரும். மடிந்த திசுவில் கொழுப்பும் லாக்டேட்டும் உயரும். பெட் ஸ்கேனும் உண்டு. ஆனால் மூளை இயல்பாகவே சர்க்கரையை நிறைய உண்பதால், சர்க்கரை கொண்டு எடுக்கும் பெட் படம் இங்கே அவ்வளவு தெளிவாக இராது. அமினோ அமிலம் கொண்டு எடுப்பதே மேல். அது எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

இவை எதுவும் முற்றான சாட்சியல்ல என்றும் அவர் மறைக்காமல் சொன்னார். கட்டியும் புண்ணும் ஒரே இடத்தில் கலந்திருப்பதுண்டு; திசுவை எடுத்துச் சோதித்தால்தான் உறுதி. அன்று எங்கள் அருகில் அமர்ந்திருந்த பெரியவரின் படமும் தம்பியுடையது போலவே இருந்தது. அவருக்கு மெய்யாகவே கட்டி திரும்பியிருந்ததைப் பின்னர் அறிந்தோம்.

வீக்கத்திற்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்தார்கள். அம்மருந்தே வெள்ளையைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், அதன் அளவைக் குறைத்த பின்னரே அடுத்த படம் எடுத்தார்கள். வெள்ளை சுருங்கியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். "புண்ணாகவே தோன்றுகிறது, ஆனால் கண்காணிப்பை விடக்கூடாது" என்றார் மருத்துவர்.

உம்மா படங்களுக்கென்று ஒரு துணிப்பை தைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் மேலும் தம்பி தன் கையால் தேதி எழுதுகிறான். அறிக்கை உறையை மருத்துவரின் மேசைக்குப் போகும்வரை எங்களில் எவரும் பிரிப்பதில்லை.