புறநகரான் வித்தை

திங்கள்

இன்று ஜியு-ஜிட்சு வகுப்பில் முழுக்கக் கைப்பூட்டு. மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்து, இடுப்பைத் திருப்பி, காலை எதிராளியின் முகத்துக்குக் குறுக்கே போட வேண்டும். கூட்டாளி எதிர்ப்பில்லாமல் கையைக் கொடுத்தவரை அழகாக விழுந்தது. எதிர்த்து மோதும் ஸ்பாரிங் தொடங்கியதும் அதே கை சிக்கவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டார். பயிற்சிக்கு இரண்டு வழி உண்டு. ஜியு-ஜிட்சு வீரர்களான மெண்டிஸ் சகோதரர்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து வளர்ந்தவர்கள். இன்னொரு வீரர் மார்செலோ கார்சியா பெரும்பாலும் ஸ்பாரிங்கிலேயே தேடிக் கண்டுகொண்டவர். எனக்கு மார்செலோ வழிதான். பூட்டை எப்போது போடுவது என்பதை எதிர்க்கிற உடம்புதான் சொல்லித்தரும்.

புதன்

பிரேசிலில் ஜியு-ஜிட்சுவை வளர்த்தவர்களில் ஒருவரான ஹீலியோ கிரேசி மெலிந்த உடம்புக்காரர். பலசாலிக்கு அடியில் கிடந்தாலும் பதறாமல் தாக்குப்பிடிப்பதுதான் அவர் பயிற்சியின் அடிப்படை. 1951-ல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா கையை முறுக்கியபோதும், ஹீலியோ தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தவைத்தார். அந்த அண்ணனின் மகன் கார்ல்சனோ, மேலேறி அழுத்தும் போட்டியாளர்களைக் கூட்டம் கூட்டமாக உருவாக்கினார். ஒரே வீடு, இரண்டு சுபாவம்.

வெள்ளி

ஓஸ்வால்டோ ஃபாடாவைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஜப்பானிலிருந்து பிரேசில் வந்த மயேடாவின் வித்தை இவருக்கு லூயிஸ் ஃப்ரான்சா வழியாக வந்தது. கிரேசி குடும்பம் வழியாக அல்ல. ரியோவின் பெண்ட்டோ ரிபெய்ரோ புறநகரில், காசில்லாதவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1950-களில் அவருடைய மாணவர்கள் கிரேசி மாணவர்களோடு மோதி ஜெயித்தார்கள். கால்பூட்டுதான் அவர்கள் பலம். அதை மற்றவர்கள் புறநகரான் வித்தை என்று இளக்காரம் செய்தார்கள். அந்த இளக்காரம் பல கூடங்களில் தலைமுறை தாண்டியும் தங்கிவிட்டது.

பிறகு நியூயார்க்கில், அதே குடும்பத்து ரென்சோ கிரேசியின் கூடத்திலேயே, ஜான் டனஹர் கால்பூட்டை முறையான பாடமாக்கினார். போட்டியாளர்களான கேரி டோனன், கோர்டன் ரையன் எல்லாம் அந்தப் பாயில் வளர்ந்தவர்கள். 2021-ல் சர்வதேச ஜியு-ஜிட்சு கூட்டமைப்பும், கி என்னும் சீருடை அணியாத போட்டிகளில் பிரவுன், பிளாக் பெல்ட் பெரியவர்களுக்குக் குதிகால் பூட்டை அனுமதித்தது.

குதிகாலை முறுக்கினால், வலி தெரிவதற்குள் முழங்காலின் தசைநார் அறுந்துபோகலாம். புதியவர்களுக்கு அதை மறுப்பது நியாயம். ஆனால், 'காலைப் பிடிப்பது நம்ம ஸ்டைல் இல்லை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. முழங்காலைப் பற்றிய அக்கறை அதில் துளியும் இல்லை. நேர் கணுக்கால் பூட்டையும் அதிலிருந்து கழன்று வரும் வழியையும் சேர்த்தே சொல்லித்தரும்படி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். நாளை வகுப்பில் பார்க்கலாம் என்றிருக்கிறார்.