பத்தில் ஒன்றும் பிடி அரிசியும்

ஞாயிறுதோறும் காணிக்கைப் பை நம்மிடம் வரும்போது கை தானாகவே சட்டைப்பைக்குள் செல்கிறது. எதற்காகக் கொடுக்கிறோம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்கு, நிலவுரிமை பெறாத லேவியரின் வாழ்வுக்கு வழியாயிற்று. மூன்றாம் ஆண்டின் பங்கோ, லேவியரோடு அந்நியரும் அநாதைகளும் கைம்பெண்களும் உண்டு நிறைவடைவதற்கென்று இணைச்சட்ட நூல் வகுத்தது. கி.பி. 155 அளவில் எழுதிய புனித ஜஸ்டினும், வசதியுள்ளோர் மனமுவந்து அளித்த ஞாயிறு காணிக்கை அநாதைகளுக்கும் நோயுற்றோருக்கும் சிறைப்பட்டோருக்கும் உதவியதாகக் குறிப்பிடுகிறார்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பத்தில் ஒன்று என்று அளவு விதிக்கவில்லை. திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது இறைமக்களின் கடமை என்கிறது 222ஆம் விதி. ஏழ்மையின் பொருட்டு எவரும் அருட்சாதனங்களின் உதவியை இழந்துவிடலாகாது என்கிறது 848ஆம் விதி.

ஆலய வரி பாக்கியைக் காட்டி ஏழை வீட்டுத் திருமண ஓலை வாசிக்கத் தயங்கும் இடங்களில் முதல் விதி நினைவிலிருக்கிறது, இரண்டாவது மறந்துபோகிறது. மின்விசிறியின் இறக்கையில் உபயதாரர் பெயர் சுழல்கிறது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென எடுத்துவைக்கும் தாயின் பெயரோ எங்கும் எழுதப்படுவதில்லை. இரு காசு போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் கண்டது போல் அவளையும் அவர் காண்கிறார்.

பங்கின் ஆண்டுக் கணக்கை வாசிக்கையில், யார் எவ்வளவு பாக்கி என்பதற்கு முன், ஏழைகளுக்கு எவ்வளவு சென்றது என்று வாசிப்போம். கடமையை நினைவூட்ட அதைவிட நல்ல மறையுரை இல்லை.