வீட்டுக் கொல்லையில் மூங்கில்

மூங்கிலை வீட்டுக் கொல்லையில் வைக்கலாமா என்று நம்மவரிடம் கேட்டால், பெரும்பாலும் வைக்கலாகாது என்னும் ஒரே விடைதான் கிடைக்கும். காரணம் என்னவென்று கேட்டாலோ ஆளுக்கொன்று சொல்லுவர். குடும்பம் தழைக்காது என்பார் ஒருவர். பேய் குடிகொள்ளும் என்பார் மற்றொருவர். இதே கெடாவில் நம் அண்டை வீட்டு மலாய்க்காரர்களிற் சிலர், மஞ்சள் மூங்கிலை வாயிலில் வைத்தால் பேயும் பாம்பும் அணுகா என்று நம்புகின்றனர். கடைகளில் கண்ணாடிக் குவளையில் நிற்கும் பச்சைத் தண்டொன்று ‘அதிர்ஷ்ட மூங்கில்’ என்னும் பெயரால் விலை போகிறது. அது மூங்கிலே அன்று, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறோர் இனத்துச் செடி. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலோ மூங்கிலே தலவிருட்சம். ஒரே செடி ஒரு வீட்டில் பேயை அழைக்கவும் அடுத்த வீட்டில் அதனை விரட்டவும் வல்லதாயின், அந்தப் பேய்தான் பாவம், போக்கிடம் தெரியாமல் வேலியின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்!

சுங்கை பட்டாணிக்கு அருகே தாமான் ஒன்றில், மூலை வீடு ஒன்றை வாங்கிக் குடிபுகுந்து நான்கு ஆண்டுகளாகின்றன. மேற்கு வெயில் மாலையெல்லாம் சுவரைச் சுடுவதால், அந்தப் பக்கத்தில் மூங்கில் வைப்பதென்று தீர்மானித்தேன். தோட்டத்துக் கிராணிக்கு இது ஒரு சிறிய காரியமாய்த் தோன்றலாம்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் லயத்து வீட்டிலே வாழ்ந்தவர். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேறின. அப்படிப்பட்டவர் கீரை விதைப்பர், மிளகாய் நடுவர், வாழை வைப்பர். மூன்று நான்கு ஆண்டு காத்திருந்து கம்பு வெட்டவேண்டிய செடியை எவர் நிலத்தில் எந்த நம்பிக்கையோடு வைப்பது? நம்மவர் மூங்கில் நடாமைக்குப் பேயைக் காட்டிலும் இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

மூங்கில் மரமன்று, புல் என்பதை நான் முதலில் ஆங்கிலப் பாடப் புத்தகத்திற் படித்தேன். வெளியே வைரம் உள்ளதைப் புல்லென்றும், உள்ளே வைரம் உள்ளதை மரமென்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்திருப்பது வெகுநாள் கழித்தே எனக்குத் தெரிய வந்தது. அதற்கு ஏற்பாடு செய்யாத கல்வியைப்பற்றிப் பிறிதொரு சமயம் எழுதலாம். 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமோ மூங்கிலை மரமென்றே எழுதி வைத்தது. அதனால் தன் சொந்த நிலத்தில் விளைந்த கழியை வெட்டி விற்க நினைத்த ஏழை, அனுமதிச் சீட்டுக்காக அலைய நேர்ந்தது. காட்டுக்கு வெளியே விளையும் மூங்கில் மரமன்று என்று சட்டத்தைத் திருத்த 2017 வரை 90 ஆண்டுகள் பிடித்தன.

புல்லென்று அறிந்தால் அதன் நடத்தையும் விளங்கிவிடும். அதன் உயிர்நிலை மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு. இதிலே இரண்டு சாதி உண்டு. (சாதி என்னும் சொல்லைச் செடிக்கு மட்டுமே வழங்குவதென்று நாம் எல்லோரும் தீர்மானித்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!) சீனா, ஜப்பான் முதலிய குளிர்நாட்டு இனங்களிற் பல ஓடுபவை; கயிறுபோல் நீண்ட கிழங்கை மண்ணுக்கடியில் பல அடி தூரம் செலுத்தி, எதிர்பாராத இடத்தில் முளை விடும். நம் வெப்பநாட்டு இனங்களிற் பெரும்பாலானவை குத்தாய் நிற்பவை. குறுகித் தடித்த கிழங்கின் நுனியே மேல்நோக்கி வளைந்து கம்பாகும், அதன் பக்கத்தில் அடுத்தது. குத்து ஓடாதாயினும் ஆண்டுக்காண்டு அகலும். எங்கள் தெருவில் ஒருவர் மஞ்சள் மூங்கிலை வேலியை ஒட்டியே வைத்தார். சில ஆண்டுகளில் அது வேலிக் கம்பியை வளைத்துச் சாக்கடை விளிம்பையும் பெயர்த்துவிட்டது. அடுத்த வீட்டுச் சீனப் பெரியவரோடு பத்து ஆண்டு நட்பு ஒரு மாதத்தில் முறிந்தது. குடும்பத்தைக் கெடுக்கும் என்ற பழிக்கு ஆதாரம் வேண்டுமானால் இங்கே பார்த்துக் கொள்ளலாம்.

நான் தேர்ந்தது சயாம் மூங்கில். நெருங்கிய குத்தாய் நிமிர்ந்து நிற்கும், முள் இல்லை, கம்பு மெலிது, ஆனால் உறுதியானது. வேலியிலிருந்து ஆறடி தள்ளி, மழை தொடங்கும் சமயம் பார்த்துக் கிழங்கோடு பெயர்த்த கன்றை வைத்தேன். வேலிப் பக்கம் ஒரு முழ அகலமும் ஒரு முழ ஆழமும் உள்ள வாய்க்கால் வெட்டி, உலர்ந்த சருகால் நிரப்பினேன். கிழங்கு பெரும்பாலும் மேல்மண்ணிலேயே செல்லுமாதலால், அந்தச் சருகை ஆண்டுக்கு இருமுறை விலக்கிப் பார்த்தால் எல்லை தாண்டுவது கண்ணுக்குப் படும், மண்வெட்டியால் வெட்டிவிடலாம். ஓடும் இனத்தை வைப்பவருக்கு இது போதாது. தடித்த பிளாஸ்டிக் தகட்டை இரண்டடிக்குமேல் ஆழத்திற் புதைத்து, விளிம்பு மண்ணுக்குமேல் தெரியும்படி சுற்றிலும் நிறுத்தவேண்டும்.

மற்றொரு ஜாக்கிரதை உண்டு. கம்பை வெட்டும்போது கணுவுக்குச் சற்றே மேலாக வெட்டவேண்டும். கணுவிடையில் வெட்டினால் அடிக்கட்டை கிண்ணமாகி மழைநீர் தேங்கும்; டெங்கிக் கொசு முட்டையிட அதைவிட வசதியான இடமில்லை. அபராதம் விதிக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது; அபராதத்தைவிட அடுத்த வீட்டுக் குழந்தையின் காய்ச்சல் பெரிது.

மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பதையும் நம் பகுத்தறிவு நண்பர்கள் பேயோடு சேர்த்து நகைப்பதுண்டு. அவர்கள் மிசோ நாட்டுக் கதையை அறியவேண்டும். அங்குள்ள ஓரின மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கொருமுறை மலை முழுதும் ஒருங்கே பூத்துக் காய்த்து மடிகிறது. அந்தக் காயைத் தின்று எலிகள் பெருகி, காய் தீர்ந்ததும் வயலிலும் களஞ்சியத்திலும் இறங்குகின்றன. பெரியோர் இதை அறிந்திருந்தனர். 1958-இல் மிசோ மாவட்ட மன்றம் முன்னேற்பாட்டுக்காக உதவி கேட்டபோது, அப்பகுதியை ஆண்ட அசாம் அரசு அதை மூடநம்பிக்கையென்று ஒதுக்கிற்று. 1959-இல் மூங்கில் பூத்தது, எலி வந்தது, பஞ்சமும் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்கென எழுந்த இயக்கமே அரசியற் கட்சியாகி, 1966-இல் கிளர்ச்சியில் இறங்கியது. 1986-இல்தான் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. முதியோர் சொல்லை ஆராயாமல் ஏற்பது மூடத்தனமென்றால், ஆராயாமல் தள்ளுவதற்கு என்ன பெயர்?

என் பாட்டனார் மூங்கிற் புதரின் பக்கம் போகமாட்டார். லயத்தில் அவரைப் பேய்க்கு அஞ்சுபவர் என்று கேலி செய்வார்களாம், அவர் மறுத்ததில்லை. 1943-இல் சயாம் ரயில்பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டவர் அவர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் பல்லாயிரவர். காலராவிலும் பசியிலும் மாண்டவர்க்குக் கல்லறையுமில்லை. கொட்டகை மூங்கில், கூரை தாங்கிய கழி மூங்கில், படுத்த பரணும் பிளந்த மூங்கில். காட்டு மூங்கிலின் முள் கீறிய சிறு காயமும் அழுகி எலும்புவரை புண்ணாகும். தம் காலிலிருந்த வடுவைக் காட்டி, என் தந்தையாரிடம் ஒரே ஒருமுறை பாட்டனார் இதைச் சொல்லியிருக்கிறார்.

என் கொல்லையில் நிற்பதும் அந்த நாட்டு மூங்கிலே. அதனால் நட்ட செய்தியைத் தந்தையாரிடம் சொல்லத் தயங்கினேன். பிறகு அவரே வந்து பார்த்தார். கம்பை மேலும் கீழும் தடவிவிட்டு, “முள் உண்டா, தம்பி?” என்று கேட்டார்.

“இல்லையப்பா.”

“அப்படியானால் இருக்கட்டும்.”

சென்ற மழையில் பதினொரு முளை வந்தன. வேலியை நோக்கி வந்த நான்கை இளசாகவே ஒடித்து, இருமுறை வேகவைத்து நீரை வடித்துவிட்டுத் தேங்காய்ப்பாலில் சமைத்தோம். முளையில் நச்சுப்பொருள் உண்டாகையால் அந்த நீரை ஊற்றிவிடவேண்டும். ஒரு பங்கு அடுத்த வீட்டுக்குப் போயிற்று. முதல் ஆண்டுக் கம்புகள் முற்றிவிட்டன; தந்தையார் அவற்றில் ஆறு வெட்டித்தரச் சொல்லியிருக்கிறார், அவரைப் பந்தலுக்கு.