தட்டிக் கேட்கும் செவி

நுழையும்முன்

தான் மீட்டிய இசையைத் தானே திரும்பக் கேட்பது முன்னாளில் இசை பயில்வோர்க்கு எளிதில் கிட்டாத வாய்ப்பு. இன்று அவ்வாய்ப்பு ஒவ்வொரு கைப்பேசியிலும் இருக்கிறது. அவ்வாறு கேட்ட ஒலி ஏமாற்றம் தரும்போது பிறர் செவி என்ன பணி செய்கிறது என்பதைப் போத்தனூரின் பின்னணியில் பேசுகிறது இப்பாடம்.

கோயம்புத்தூர் நகருக்கு முன்பே இருப்புப்பாதையைக் கண்ட ஊர் போத்தனூர். சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த பாதை 1862இல் இவ்வூரின் வழியே அமைந்தது. கோவை நகரைத் தொட்டு மேட்டுப்பாளையம் செல்லும் கிளைப்பாதை 1873இல்தான் வந்தது. சந்திப்பு நிலையம் என்றால் வண்டிகள் மட்டும் வந்து நிற்பதில்லை. ஓட்டுநர், காவலர், சைகைப் பணியாளர், அவர்தம் குடும்பங்கள் என ஒரு குடியிருப்பே உடன் வந்து சேரும். போத்தனூருக்கு அவ்வாறு வந்தவர்களுள் ஆங்கிலோ இந்தியர் குறிப்பிடத்தக்கவர். பம்பையும் உருமியும் முழங்கிய கொங்கு ஊர்ப்புறத்தில் அவர்கள் வீட்டுத் திண்ணைகளிலிருந்து கிதார் ஒலித்தது.

அக்கருவி இன்று எவருக்கும் அயலானதன்று. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கிதார்த் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றவர் என்பதைப் பலரும் அறிவர். அவர் இசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகளுக்குக் கிதாரின் ஆறு நரம்புகளும் தமிழ் ஒலிகளாகவே ஆகிவிட்டன.

பதிவில் கேட்ட கிதார்

இருப்புப்பாதைக் குடியிருப்பை ஒட்டிய தெருவொன்றில் வாழும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்ளலாம். அவளுடைய அப்பத்தா, சீட்டுப் பணம் எடுத்த மாதத்தில் வாங்கிக் கொடுத்த பழைய கிதார் அவளிடம் இருக்கிறது. ஓராண்டாகப் பயில்கிறாள். ஒரு பாடலின் மெட்டைத் தொடக்கம் முதல் இறுதி வரை நிறுத்தாமல் வாசிக்க முடிந்த நாளில், கைப்பேசியை மேசைமீது சாய்த்து வைத்துப் பதிவு செய்கிறாள். பிறகு கேட்கிறாள். அதன்பின் பதினொரு நாள் கிதார் உறையைவிட்டு வெளியே வரவில்லை.

அவள் கேட்டது என்ன? வாசிக்கும்போது நிறைந்து ஒலித்த நரம்புகள் பதிவில் தகரம்போல் ஒலித்தன. எஃப் கார்ட் வரும் இடங்களில் எல்லாம் ஒரு கணம் மௌனம். சுட்டுவிரல் ஒன்றே ஆறு நரம்புகளையும் ஒருங்கே அழுத்த வேண்டிய பிடி அது. தொடக்கநிலையினர் பலரும் தடுமாறும் இடம். விரல்கள் நரம்பின்மீது வழுக்கும்போது எழும் கீச்சொலி அவளை முகம் சுளிக்க வைத்தது. மின்விசிறி இரைந்தது. நடுவில் சமையலறையிலிருந்து குக்கரின் விசில். அதைத் தொடர்ந்து, அவ்வூரில் எவரும் தனியே கவனிக்காத தொடர்வண்டியின் ஊதொலி.

தன் வாசிப்பைத் தான் கேட்பதில் ஒரு வியப்பு இருக்கிறது. கிதாரின் முதுகு வாசிப்பவரின் மார்பிலும் வயிற்றிலும் படிந்திருப்பதால், அதன் அதிர்வை உடலும் உணர்கிறது. ஒலியை வெளியே தள்ளும் மேற்பலகையோ எதிரே இருப்பவரை நோக்கி இருக்கிறது. வாசிப்பவரின் செவி அதற்கு மேலே, சற்றே பின்னால். ஆகவே வாசிப்பவர் அறிந்த கிதாரும் எதிரில் அமர்ந்தவர் கேட்கும் கிதாரும் ஒன்றல்ல. இதற்கும் மேலாக, வாசிக்கும் மனம் தான் எண்ணிய இசையையே பெரிதும் கேட்கிறது. அடுத்த பிடிக்கு விரலை நகர்த்தும் அலுவலில் இருக்கும்போது, நழுவிய தாளத்தைக் கணக்கிட அதற்கு நேரமில்லை. ஒலிப்பதிவுக் கருவிக்கு அத்தகைய அலுவல் ஏதுமில்லை.

கைப்பேசியும் முற்றிலும் நடுநிலையானதன்று. பெரும்பாலும் பேச்சுக்காக அமைக்கப்பட்ட அதன் ஒலிவாங்கி, ஒலி தாழும்போது தானே வாங்குதிறனைக் கூட்டிக்கொள்ளும்; அப்போது மின்விசிறியின் இரைச்சல் மேலெழும். இரைச்சலை நீக்கும் ஏற்பாடு சில கருவிகளில் உண்டு. அது மெல்லத் தேயும் நரம்பொலியையும் இரைச்சலென்று கருதி விழுங்கிவிடும். பதிவின் குறைகளுள் எது விரலின் குறை, எது கருவியின் குறை, எது அறையின் குறை என்று பிரித்தறியாதவர் எல்லாவற்றையும் தன் குறையாகவே கொள்வார். அப்பதினொரு நாள்களில் நிகழ்ந்தது அதுவே.

மூன்று செவிகள்

பன்னிரண்டாம் நாள் பதிவை அண்ணன் கேட்கிறான். "சூப்பர்" என்கிறான். பாடல் முடியும் முன்பே கைப்பேசி அவள் கைக்குத் திரும்புகிறது. அன்பினால் சொன்ன சொல்தான். ஆயினும் அதைக்கொண்டு ஒரு விரலைக்கூட இடம் மாற்ற இயலாது. வகுப்புத் தோழி ஒருத்தி, "உனக்கு இது வராதுப்பா" என்கிறாள். இதுவும் அதே வகையைச் சேர்ந்தது. புகழ்ச்சியும் இகழ்ச்சியும் எதிரெதிரானவை என்று கருதுவது வழக்கம். பயில்பவரின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் அடுத்த நாள் காலையில் செய்வதற்கு ஏதுமில்லை.

அப்பத்தாவுக்கு இசை இலக்கணம் தெரியாது. பதிவை இருமுறை கேட்டுவிட்டு, "அம்மிணி, பாட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா கடைசீல எதுக்கு அப்புடி ஓடறே?" என்கிறார். அவள் முதலில் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பின்னர்த் தாளக்கருவியை உடன் ஒலிக்கவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தால், கடினமான பிடியைத் தாண்டியதும் வேகம் கூடிவிட்டிருக்கிறது. இடர் நீங்கிய நிம்மதியில் கை விரைகிறது. நாற்று நடவிலும் கும்மியிலும் கால் தவறாத தலைமுறை தாளத்தை எண்ணிக் கற்றதில்லை. ஆனாலும் அது பிசகும் இடம் அவர்கள் செவிக்குத் தப்புவதில்லை.

மூன்றாமவர் பக்கத்து வீட்டு அங்கிள். இரயில்வேயில் பெட்டிகளைச் சோதிக்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். நிலையத்தில் வண்டி நிற்கும்போது ஊழியர் ஒருவர் நீண்ட காம்புடைய சுத்தியலால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு செல்லும் வழக்கம் முன்பு இருந்தது. குறையற்ற சக்கரம் மணிபோல் நீண்டு ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரத்தின் ஒலி மழுங்கி அடங்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் செவி கண்டது. அவ்வேலையில் "வண்டி நன்றாக இருக்கிறது" என்பதும் "வண்டி சரியில்லை" என்பதும் விடையாகா. எத்தனையாவது பெட்டி, எந்தச் சக்கரம் என்று சொல்ல வேண்டும்.

அங்கிள் பதிவைக் கேட்பதும் அவ்வாறே. ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்கிறார். "நாப்பதாவது செகண்டுல ரெண்டாவது நரம்பு கரகரங்குது, கண்ணு. விரல் ஃப்ரெட்டுக்குப் பின்னாடி ரொம்பத் தள்ளி இருக்கும். ஒட்டி வெச்சுப் பாரு." வீணையில் மெட்டு எனப்படுவதே கிதாரில் ஃப்ரெட். அதை ஒட்டி அழுத்தினால் குறைந்த விசையே போதும். தள்ளி அழுத்தினால் நரம்பு உலோகத்தில் உராய்ந்து அதிரும். "மூணாவது நரம்பு சுதி ஏறியிருக்குது. வாசிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பார்த்தியா?" அவள் இல்லையென்று தலையசைக்கிறாள். "அந்தக் கீச்சுச் சத்தத்த விடு. அது கையோட சத்தம். பெரிய பெரிய ஆளுங்க ரெக்கார்டுலயும் இருக்குது."

இந்தக் கடைசிச் சொற்கள் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று கருதலாம். ஆனால் அவற்றின் பயன் ஆறுதலைவிடப் பெரிது. எதைத் திருத்த வேண்டும் என்பதோடு எதைத் திருத்த வேண்டியதில்லை என்பதையும் அவை சொல்கின்றன.

யாழில் இருந்த மயிர்

குறை காணும் இவ்வித நுண்மை தமிழுக்குப் புதிதன்று. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையை யாழில் வெல்ல வந்த சீவகனிடம் யாழ்கள் பல தரப்படுகின்றன. அவன் எதையும் பொதுவாகப் பழிப்பதில்லை. இது நீரில் நின்ற மரத்தால் ஆனது, இது வெந்த மரம், இது இடி வீழ்ந்த மரம் என ஒவ்வொன்றுக்கும் உரிய குற்றத்தைக் கூறி விலக்குகிறான். நரம்பொன்றின் முறுக்கைப் பிரித்து அதனுள் இருந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். அவையோர் அவன் தீர்ப்பை நம்பியது அவன் புகழுக்காக அன்று; மயிர் அவர்கள் கண்முன் இருந்தது. உ. வே. சாமிநாதர் 1887இல் பதிப்பித்து அளித்த அந்நூலில் காந்தருவதத்தையார் இலம்பகம் இசை பயில்வோர் தவறாது படிக்க வேண்டிய பகுதி.

அறையும் ஊரும்

விரலின் குறைகள் இரு வாரங்களில் ஓரளவு குறைகின்றன. அறையின் குறைகளுக்கு வேறு வழி வேண்டும். கிதாரின் ஒலித்துளைக்கு நேராகக் கைப்பேசியை வைத்தால் தாழ்ந்த நரம்புகள் குமுறும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு எதிரே ஓரடித் தொலைவில் வைத்தால் ஒலி தெளியும். வெற்றுச் சுவர்கள் எதிரொலிக்கும் அறையில் பவானி ஜமக்காளம் ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டால் எதிரொலி மட்டுப்படும். ஆனால் துணி, வெளியிலிருந்து வரும் ஓசையைத் தடுக்காது. தொடர்வண்டிக்கு ஜமக்காளம் ஒரு பொருட்டன்று. இரு வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கண்டறிவது ஒன்றே வழி. மின்விசிறியை நிறுத்தலாம். கோடையில் அதற்கும் ஒரு விலை உண்டு. அறை வெம்மையுற்றால் உலோக நரம்பு நீண்டு சுருதி இறங்கும்.

வீட்டில் பதிவுசெய்த இசை வீட்டோடு நின்றுவிடும் என்பதற்கில்லை. ஏ. ஆர். ரகுமான் 1989இல் சென்னையில் தம் வீட்டை ஒட்டி அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் 1992இல் வெளியான ரோஜா திரைப்படத்தின் இசை உருவானது. அமெரிக்கப் பாடகர் புரூசு இசுபிரிங்சுடீன் 1982இன் தொடக்கத்தில் தம் வீட்டில் நான்கு தட ஒலிநாடாக் கருவியில் பாடல்கள் சிலவற்றை மாதிரிக்காகப் பதிவு செய்தார். பின்னர் இசைக்குழுவோடு கூடத்தில் அவற்றை மீண்டும் பதிந்து பார்த்தனர். துல்லியம் கூடியது, ஆனால் பாடல்களின் தனிமை போய்விட்டது. ஆகவே அவ்வாண்டே 'நெப்ராசுகா' என்னும் பெயரில் வெளிவந்தது அந்த வீட்டு ஒலிநாடாவின் பதிவுதான். இதைச் சோம்பலுக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அவர் குறையோடு நிறுத்தியவர் அல்லர். குறை நீங்கிய வடிவத்தையும் செய்து பார்த்து, இரண்டையும் கேட்டபின் தெரிந்தெடுத்தவர்.

சிங்காநல்லூரில் 1930களில் தோன்றிய சென்ட்ரல் ஸ்டூடியோ நாள்களையும் இங்கே நினைக்கலாம். பின்னணிப் பாடல் முறை பரவுவதற்கு முன் நடிகரே பாடியவாறு நடிக்க, படமும் ஒலியும் ஒருங்கே பதிவாயின. ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைப்பேசியில் ஒருத்தி பத்துமுறை தனியே தவறலாம்; அதற்காக எவரும் காத்திருப்பதில்லை.

நான்காம் பதிவை அவள் அதிகாலையில் செய்கிறாள். அப்பத்தா கேட்டுவிட்டு, இப்போது ஓடவில்லை என்கிறார். அங்கிள் அதே தாளை எடுத்து, முன்பு எழுதியவற்றுள் இரண்டை அடிக்கிறார். நாற்பதாவது நொடிக்கு எதிரே உள்ளதை அடிக்காமல் மீண்டும் அந்த இடத்தை ஒலிக்கவிட்டுக் கேட்கிறார். பிறகு, "இது உன் விரல் இல்ல. நரம்பு பழசாயிருச்சு. இந்த செட்ட எப்ப மாத்துனே?" என்று கேட்கிறார். அக்கிதார் வீட்டுக்கு வந்த நாள்முதல் நரம்பு மாற்றியதேயில்லை.